குடல் அழற்சி நோய்: மருந்துக்குப் பிறகும் மிஞ்சுவது

ஐபிடி என்று மருத்துவர்கள் சுருக்கமாகச் சொல்லும் குடல் அழற்சி நோய், இரண்டு நாள்பட்ட நோய்களுக்குச் சேர்த்து வைத்த பெயர். முதலாவது அல்சரேட்டிவ் கோலைட்டிஸ். இது பெருங்குடலை மட்டும் தாக்கும். மலக்குடலில் தொடங்கி, இடையில் நல்ல பகுதி எதையும் விடாமல் மேல்நோக்கிப் பரவும். குடலின் உட்சவ்வைப் புண்ணாக்கும். இரண்டாவது கிரோன் நோய். இது வாய் முதல் ஆசனவாய் வரை எங்கு வேண்டுமானாலும் வரலாம். சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் அதிகம் வரும். திட்டுத்திட்டாகப் பிடிக்கும். சவ்வோடு நிற்காமல் குடல் சுவரின் எல்லா அடுக்குகளையும் ஊடுருவும். அதனால் சிலருக்குக் குடல் சுருங்கி அடைப்பு வரும். சிலருக்குப் பவுத்திரமும் சீழ்க்கட்டியும் வரும்.

இரண்டுக்கும் பொதுவான அறிகுறிகள் உண்டு: வாரக்கணக்கில் நிற்காத வயிற்றுப்போக்கு, ரத்தமும் சீதமும், வயிற்றுக் கடுப்பு, எடைக் குறைவு, சோகை, விடாத அசதி. தூக்கத்தில் இருப்பவரை எழுப்பி ஓட வைக்கும் வயிற்றுப்போக்கு முக்கியமான எச்சரிக்கை. சாதாரண வயிற்றுக் கோளாறு பெரும்பாலும் இரவில் தூங்க விட்டுவிடும்.

இந்த நோய் வருவதும் அடங்குவதுமாக ஆயுள் முழுக்கத் தொடரும். பெரும்பாலும் 15 வயதுக்கும் 35 வயதுக்கும் இடையில் தொடங்குகிறது. படிப்பு, வேலை, திருமணம் எல்லாம் வரிசையாகக் காத்திருக்கும் வயது அது. கடந்த எழுபது ஆண்டுகளில் மருத்துவம் இந்த நோயை உயிர்கொல்லி என்ற நிலையிலிருந்து, பெரும்பாலோர் முழு ஆயுளும் வாழக்கூடிய நிலைக்குக் கொண்டு வந்துவிட்டது. ஆனாலும் மருந்து வேலை செய்யும்போதுகூட நோயாளியின் அன்றாடத்தில் மிஞ்சுவது நிறைய. அதையும் நோயின் ஒரு பகுதியாகவே எண்ணிக் கவனித்தால்தான் சிகிச்சை முழுமை அடையும்.

ஏன் வருகிறது

ஒற்றைக் காரணம் கிடையாது. குடலில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. உடலின் எதிர்ப்பு மண்டலம் அவற்றோடு ஒத்துப்போகப் பழகியிருக்கிறது. மரபணுவில் சாய்வு உள்ள ஒருவருக்கு, சுற்றுச்சூழலில் ஏதோ ஒரு தூண்டுதலால் இந்த ஒத்துப்போதல் குலைகிறது. கிருமி ஒன்றும் படையெடுக்காத நேரத்திலும் எதிர்ப்பு மண்டலம் போரை நிறுத்தாமல் நடத்துகிறது. அடிபடுவது சொந்தக் குடல்.

இந்த நோயோடு தொடர்புள்ள மரபணு இடங்கள் 200-க்கும் மேல் அறியப்பட்டுள்ளன. 2001-ல் முதலில் அடையாளம் காணப்பட்ட நாட்2 என்ற மரபணுவின் மாற்றங்கள் ஐரோப்பியரிடம் கிரோன் நோய்க்கு முக்கியக் காரணம். இந்தியரிடம் அவை அரிது. பெயர் ஒன்றாக இருந்தாலும் நோயின் வேர் ஊருக்கு ஊர் சற்றே மாறுகிறது. புகைபிடித்தல் கிரோன் நோயை மோசமாக்குகிறது. சிறுவயதில் அடிக்கடி ஆன்டிபயாடிக் எடுப்பது, நகர வாழ்க்கை, தொழிற்சாலையில் பதப்படுத்திய உணவு ஆகியவையும் சந்தேகப் பட்டியலில் உள்ளன. காரம் சாப்பிட்டதால் வந்தது, கவலைப்பட்டதால் வந்தது என்று நோயாளியைக் குற்றம் சொல்வதற்கு அடிப்படை இல்லை. மன அழுத்தம் ஏற்கெனவே இருக்கும் நோயைக் கிளப்பலாம். இல்லாத நோயை அது உண்டாக்குவதில்லை.

உலகம் முழுவதும் 2017-ல் ஏறத்தாழ 68 லட்சம் பேருக்கு இந்த நோய் இருந்ததாக மதிப்பிடப்பட்டது. மேலை நாட்டு நோய் என்று இதை நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். பஞ்சாபில் வீடுவீடாகச் சென்று நடத்தி 2003-ல் வெளியான ஆய்வு, லட்சம் பேரில் 44 பேருக்கு அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் இருப்பதாகக் காட்டியது. விகிதத்தில் மேற்கத்திய நாடுகளைவிடக் குறைவுதான். ஆனால் மக்கள்தொகையைக் கணக்கில் எடுத்தால், உலகில் இந்த நோயாளிகள் அதிகம் உள்ள நாடுகளின் வரிசையில் இந்தியாவும் வந்துவிடுகிறது.

பெயர் தெரிய ஆகும் காலம்

மலத்தில் ரத்தம் என்றதும் வீட்டில் வரும் முதல் சொல் மூலம். அடுத்தது சூடு. மருந்துக்கடையில் கிடைப்பது அமீபா மாத்திரை. பலருடைய நோய் இந்த மூன்று நிறுத்தங்களிலும் மாதக்கணக்கில் நின்றுவிட்டுத்தான், பெருங்குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபி வரை வருகிறது. வெட்கமும் தாமதத்துக்குக் காரணம். மலத்தைப் பற்றி மருத்துவரிடம்கூட வாய் திறக்கப் பலரால் முடிவதில்லை.

கிரோன் நோய்க்கு இந்தியாவில் இன்னொரு தடை இருக்கிறது: குடல் காசநோய். இரண்டும் சிறுகுடலின் கடைசிப் பகுதியைப் பிடிக்கும். இரண்டிலும் புண், சுருக்கம், எடைக் குறைவு, காய்ச்சல் எல்லாம் உண்டு. திசுப் பரிசோதனையில் இரண்டிலும் கிரானுலோமா என்ற திரட்சி தெரியலாம். காசநோய்க் கிருமி மாதிரியில் அகப்படாமல் போவது சகஜம். ஆகவே சந்தேகம் தீராத இடங்களில் மருத்துவர்கள் முதலில் காசநோய் மருந்தைக் கொடுத்து, இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி கொலோனோஸ்கோபி செய்து, புண் ஆறியிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். ஆறாவிட்டால் கிரோன் நோய் என்ற முடிவு வலுப்படுகிறது. கிரோன் நோய்க்கான ஸ்டீராய்டை முதலில் கொடுத்து, இருந்தது காசநோய் என்றால் அது உயிருக்கே ஆபத்து. எனவே இந்த வரிசை நியாயமானது. ஆனால் கிரோன் நோயாளிக்கு அது சரியான சிகிச்சை இல்லாமல் கழியும் காலம். அந்த இடைவெளியில் குடல் சுருக்கம் முற்றிவிடுவதும் உண்டு.

மருந்துகள் கடந்து வந்த தூரம்

நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனையில் பர்ரில் கிரோன், லியோன் கின்ஸ்பர்க், கார்டன் ஓப்பன்ஹைமர் மூவரும் 1932-ல் 14 நோயாளிகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்துதான் கிரோன் நோய் தனி நோயாக நிலைபெற்றது. அன்று அறுவை சிகிச்சையைத் தவிரச் செய்யக்கூடியது அதிகம் இல்லை. அல்சரேட்டிவ் கோலைட்டிஸின் தீவிரத் தாக்குதல் வந்தவர்களில் நான்கில் ஒருவர் அளவுக்கு இறந்தார்கள்.

திருப்பம் 1955-ல் வந்தது. ஆக்ஸ்ஃபோர்டின் ட்ரூலவ், விட்ஸ் இருவரும் நடத்திய ஆய்வு, கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு அந்த மரணங்களை வெகுவாகக் குறைப்பதைக் காட்டியது. ஸ்வீடனின் நன்னா ஸ்வார்ட்ஸ் மூட்டுவாதத்துக்காக உருவாக்கிய சல்ஃபாசலசின், பெருங்குடல் புண்ணுக்கும் கேட்டது. அதன் வழியில் வந்த மெசலமைன்தான் இன்றும் மிதமான அல்சரேட்டிவ் கோலைட்டிஸுக்கு முதல் மருந்து. அசதியோப்ரின் போன்ற எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் மாத்திரைகள் அடுத்த படி.

1998 ஆகஸ்டில் அமெரிக்கா கிரோன் நோய்க்கு இன்ஃப்ளிக்ஸிமாபை அனுமதித்தது. டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதத்தைப் பிடித்து முடக்கும் ஆன்டிபாடி அது. மாத்திரைக்கு அசையாத நோயும், ஆறாத பவுத்திரமும் சிலருக்கு ஒரு சில ஊசியில் அடங்கின. அதன்பின் அடலிமுமாப் வந்தது. 2014-ல் வெடோலிசுமாப் வந்தது. இது அழற்சி அணுக்களைக் குடலுக்குள் நுழையவிடாமல் தடுக்கிறது. 2016-ல் உஸ்டெகினுமாப், 2018-ல் டோஃபாசிட்டினிப் மாத்திரை, 2022-ல் ரிசாங்கிசுமாபும் உபடாசிட்டினிப்பும் என்று அனுமதிகள் தொடர்ந்தன. ஒவ்வொன்றும் அழற்சிச் சங்கிலியில் வேறொரு கண்ணியைப் பிடிக்கிறது.

மருந்து எட்டாத இடம்

இத்தனை மருந்துகள் இருந்தும் ஆய்வுகளின் முடிவுகள் அடக்கமானவை. அடலிமுமாபைக் கிரோன் நோய்க்குச் சோதித்த ஆய்வில், முதல் ஊசிகளுக்கு இசைந்தவர்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தபோதே, 56-ஆம் வாரத்தில் நோய் அடங்கியிருந்தவர்கள் 36 முதல் 41 சதவீதம். மருந்தில்லாத ஊசி பெற்றவர்களில் 12 சதவீதம். அல்சரேட்டிவ் கோலைட்டிஸுக்கு வெடோலிசுமாபையும் அடலிமுமாபையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட, 2019-ல் வெளியான ஆய்வில், ஓராண்டு முடிவில் நோய் அடங்கியவர்கள் முறையே 31.3 சதவீதமும் 22.5 சதவீதமும். இன்ஃப்ளிக்ஸிமாபோடு அசதியோப்ரினைச் சேர்த்துக் கொடுத்த 2010-ஆம் ஆண்டு ஆய்வில், 26-ஆம் வாரத்தில் ஸ்டீராய்டு இல்லாமல் கிரோன் நோய் அடங்கியவர்கள் 56.8 சதவீதம். நல்ல முடிவு என்று கொண்டாடப்பட்ட எண் அது. அந்த ஆய்விலும் பத்தில் நான்கு பேருக்கு மேல் எஞ்சியிருந்தார்கள்.

இந்த எண்களைச் சலிப்போடு படிக்கத் தேவையில்லை. மருந்தில்லாதவர்களோடு ஒப்பிட்டால் பயன் தெளிவு. ஒரு மருந்து கேட்காதவருக்கு இன்னொன்று கேட்கலாம். ஆனால் புதிய மருந்து எழுதிக் கொடுத்த நாளிலேயே நோய் தீர்ந்துவிட்டதாக வீடும் அலுவலகமும் எண்ணிக்கொள்ளும்போது, அது கேட்காமல் போனவர் தன்னிடமே ஏதோ தவறு இருப்பதாக நினைக்கத் தொடங்குகிறார். அவருக்கு இந்த எண்கள் தெரிந்திருக்க வேண்டும்.

மருந்து தோற்பதற்குப் பல வழிகள். சிலருக்குத் தொடக்கத்திலேயே பலன் இருக்காது. அவர்களுடைய அழற்சியை ஓட்டுவது வேறொரு புரதமாக இருக்கலாம். சிலருக்கு மாதங்களோ ஆண்டுகளோ நன்றாகக் கேட்ட மருந்து, பிறகு கேட்காமல் போகும். ஊசியாக ஏறும் அந்தப் புரதத்தை உடல் அந்நியமாகக் கருதி, அதற்கே எதிராக ஆன்டிபாடி உண்டாக்குவது இதற்கு ஒரு காரணம். ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்து, மருந்து போதவில்லையா, மருந்தை மாற்ற வேண்டுமா என்று இப்போது முடிவு செய்ய முடிகிறது. மூன்றாவது காரணம் தழும்பு. ஆண்டுக்கணக்கில் அழற்சி இருந்த குடல் தடித்து இறுகிவிட்டால், அழற்சியை அடக்கும் எந்த மருந்தும் அந்த இறுக்கத்தை இளக்காது. அதற்கென்று அனுமதி பெற்ற மருந்து இன்னும் இல்லை.

ஜப்பானின் பிரதமருக்கு நேர்ந்தது

முழு மருத்துவ வசதியும் கையில் இருந்தும் நோய் தன் போக்கில் நடந்துகொள்ளும் என்பதற்கு எல்லோரும் அறிந்த சான்று ஜப்பானின் ஷின்சோ அபே. பதின்பருவத்திலேயே அவருக்கு அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் தொடங்கியது. 2006-ல் பிரதமரானார், ஓராண்டிலேயே, 2007 செப்டம்பரில் பதவி விலகினார். அரசியல் நெருக்கடிகளும் இருந்தன. நோய் கிளம்பியதும் முக்கியக் காரணம் என்று பின்னர் அவரே விளக்கினார்.

2009-ல் ஜப்பானில் மெசலமைனின் புதிய வடிவம் ஒன்று விற்பனைக்கு வந்தது. அது தனக்கு நன்றாகக் கேட்டதாக அபே வெளிப்படையாகச் சொன்னார். 2012 டிசம்பரில் மீண்டும் பிரதமரானவர், அந்நாட்டு வரலாற்றில் மிக நீண்ட காலம் அப்பதவியில் இருந்தவர் என்ற இடத்தைப் பிடித்தார். பிறகு 2020 ஜூனில் வழக்கமான பரிசோதனையில் நோய் திரும்புவதன் அறிகுறி தெரிந்தது; ஆகஸ்டில் உறுதியானது. ஆகஸ்ட் 28 அன்று பதவி விலகலை அறிவித்தார்.

இந்த வாழ்க்கையில் இரண்டு உண்மைகள் சேர்ந்தே இருக்கின்றன. சரியான மருந்து கிடைத்தால் இந்த நோயோடு ஒரு நாட்டையே ஆள முடியும். ஏழெட்டு ஆண்டு அடங்கியிருந்த நோயும் திரும்பி வர முடியும். நோயாளியைத் தேற்றுகிறவர்கள் முதலாவதை மட்டும் சொல்கிறார்கள். பயமுறுத்துகிறவர்கள் இரண்டாவதை மட்டும். இரண்டையும் சேர்த்தே ஒருவர் தன் வாழ்க்கையைத் திட்டமிட வேண்டியிருக்கிறது.

அடங்கிய நோயிலும் மிஞ்சுபவை

கொலோனோஸ்கோபியில் புண் ஆறியிருக்கிறது, ரத்தப் பரிசோதனை சரியாக இருக்கிறது. மருத்துவருக்குத் திருப்தி. ஆனால் நோயாளிக்கு எல்லாம் சரியாகிவிட்டதா?

முதலில் அவசரம். மலம் வரும் உணர்வுக்கும் கழிப்பறைக்கும் இடையில் ஓரிரு நிமிடம்தான் அவகாசம் என்ற நிலை. நீண்ட காலம் புண்பட்ட மலக்குடல் முன்போல விரிந்து கொடுப்பதில்லை; அழற்சி அடங்கிய பின்னும் இது தொடரலாம். ஒருமுறை பொது இடத்தில் ஆடை நனைந்துவிட்டால், அந்தப் பயம் ஆண்டுக்கணக்கில் கூடவே வரும். கழிப்பறை இல்லாத பேருந்தில் மதுரையிலிருந்து சென்னைக்குப் போக நேர்ந்தால், முந்தின இரவிலிருந்தே பட்டினி கிடக்கும் நோயாளிகள் உண்டு. திருமண மண்டபத்தில் நுழைந்ததும் கண் முதலில் தேடுவது கழிப்பறையை.

அடுத்தது அசதி. நோய் அடங்கிய காலத்திலும் பத்தில் நான்கு பேர் அளவுக்கு இது இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. தூங்கி எழுந்தாலும் தீராத சோர்வு அது. இரும்புச்சத்துக் குறைவு, சிறுகுடலின் கடைசிப் பகுதி பழுதானதால் வரும் பி12 குறைவு, வைட்டமின் டி குறைவு, தைராய்டு, தூக்கக் கேடு என்று திருத்தக்கூடிய காரணங்களை ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். எல்லாம் சரியாக இருந்தும் அசதி இருந்தால், அதைச் சோம்பல் என்று முத்திரை குத்தக் கூடாது.

மூன்றாவது, அழற்சி இல்லாமலேயே வரும் வயிற்றுவலி, உப்புசம், வயிற்றுப்போக்கு. நோய் அடங்கியவர்களில் மூன்றில் ஒருவருக்கு இவை உள்ளன. குடலின் நரம்புகள் கூச்சம் அதிகமாகி நிற்பது இதற்கு ஒரு காரணம். இந்த இடத்தில் ஸ்டீராய்டைக் கூட்டுவது தவறான வைத்தியம். மலத்தில் கால்ப்ரொடெக்டின் என்ற புரதத்தின் அளவைப் பார்த்தால், வலிக்குக் காரணம் அழற்சியா, நரம்புக் கூச்சமா என்று பெருமளவு பிரித்தறியலாம்.

குடலுக்கு வெளியிலும் நோய் பேசும். மூட்டுவலி, முதுகெலும்பு இறுக்கம், கண் சிவந்து வலித்தல், காலில் சிவந்த கட்டிகள், கல்லீரலின் பித்தக் குழாய் அழற்சி ஆகியவை இதே நோயின் கிளைகளாக இருக்கலாம். ரத்தம் உறையும் அபாயமும் மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு. காலில் ஒருபக்க வீக்கம் வந்தால் தாமதிக்காமல் காட்ட வேண்டும்.

மனமும் சேர்ந்தே அடிபடுகிறது. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், இந்த நோயாளிகளில் மூன்றில் ஒருவருக்குப் பதற்றத்தின் அறிகுறிகளும் நான்கில் ஒருவருக்கு மனச்சோர்வின் அறிகுறிகளும் இருந்தன. நோய் கிளம்பிய காலத்தில் இது இன்னும் கூடுதல். மனநல ஆலோசனை இங்கே ஆடம்பரம் அல்ல. குடல் மருத்துவத்தின் ஓர் அங்கம்.

மருந்தே தரும் பாரம்

ஸ்டீராய்டு வேகமாக வேலை செய்யும். நீண்ட காலத்துக்கு உகந்தது அல்ல. முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு தேயும், தூக்கம் கெடும். நோய் நன்றாக அடங்கியதும் தானாகவே நிறுத்திவிடுவதும் ஆபத்து. வாரக்கணக்கில் எடுத்தவரின் உடல் தன் சொந்தச் சுரப்பைக் குறைத்திருக்கும். அளவைப் படிப்படியாகத்தான் இறக்க வேண்டும். ஆண்டுக்கு இரண்டு முறை ஸ்டீராய்டு தேவைப்படுகிறது என்றால், அடுத்த கட்ட மருந்துக்குப் போக வேண்டிய நேரம் வந்துவிட்டது.

அசதியோப்ரின் சிலருக்கு வெள்ளணுக்களைத் திடீரென்று சரித்துவிடும். நட்15 என்ற மரபணுவில் உள்ள மாற்றமே ஆசியரிடம் இதற்கு முக்கியக் காரணம் என்று 2014-ல் கொரியாவிலிருந்து வந்த ஆய்வு காட்டியது. இந்தியரில் ஏறத்தாழ பத்தில் ஒருவரிடம் இந்த மாற்றம் இருக்கிறது. மருந்தைத் தொடங்கும் முன் மரபணுவைச் சோதிப்பது நல்லது. முடியாவிட்டால் குறைந்த அளவில் தொடங்கி, முதல் வாரங்களில் அடிக்கடி ரத்த அணுக்களை எண்ணிப் பார்ப்பதாவது அவசியம். மருந்து தொடங்கிய சில வாரங்களில் தலைமுடி கொத்துக்கொத்தாக உதிர்ந்தால் அது எச்சரிக்கை மணி.

டிஎன்எஃப் தடுப்பு மருந்துகள் உடலில் உறங்கும் காசநோயை எழுப்பக் கூடியவை. இன்ஃப்ளிக்ஸிமாப் எடுத்த 70 பேருக்குக் காசநோய் வந்ததை 2001-ல் வெளியான அறிக்கை பதிவு செய்தபோது உலகம் விழித்துக்கொண்டது. இந்தியாவில் பெரியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரின் உடலில் கிருமி உறங்கிக் கிடக்கிறது. நெஞ்சு எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை அல்லது தோல் பரிசோதனை, தேவைப்பட்டால் முன்கூட்டியே காசநோய்த் தடுப்பு மருந்து என்ற வரிசையை இங்கே எவரும் தாண்டக் கூடாது. முதல் சோதனையில் ஒன்றும் இல்லாவிட்டாலும், பின்னர் நீடித்த காய்ச்சலோ இருமலோ வந்தால் மறுபடி தேட வேண்டும்.

பணத்தின் பாரம் எல்லாவற்றையும்விடக் கனமானது. இன்ஃப்ளிக்ஸிமாப், அடலிமுமாப் போன்ற உயிரியல் மருந்துகளை மாதக்கணக்கில் அல்ல, ஆண்டுக்கணக்கில் எடுக்க வேண்டும். உலகின் முதல் அடலிமுமாப் நிகர் மருந்து (பயோசிமிலர்) 2014 டிசம்பரில் இந்தியாவில்தான் வெளிவந்தது. டோஃபாசிட்டினிப்பும் இங்கே பொதுப்பெயர் மாத்திரையாகக் கிடைக்கிறது. விலை இறங்கியிருக்கிறது. ஆனாலும் மாதச் சம்பளக் குடும்பம் ஒன்றுக்கு இது தாங்க முடியாத செலவு. ஜப்பானில் இந்த இரண்டு நோய்களும் அரசு உதவி பெறும் கடும் நோய்களின் பட்டியலில் உள்ளன. இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 நிலைகளில் குடல் அழற்சி நோய் இல்லை. ஊசி போட வேண்டிய நாளைப் பணமில்லாமல் தள்ளிப்போடுவதால் மருந்துக்கு எதிரான ஆன்டிபாடி உருவாகி, பின்னால் பணம் கிடைத்தாலும் மருந்து கேட்காமல் போகிறது. வறுமை இந்த நோயில் நேரடியாகவே குடலைத் தாக்குகிறது.

அறுவை சிகிச்சை

அறுவை சிகிச்சையைத் தோல்வியின் அடையாளமாகப் பார்க்கும் வழக்கம் நோயாளிகளைத் தாமதிக்க வைக்கிறது. மருந்துக்கு அடங்காத அல்சரேட்டிவ் கோலைட்டிஸில் பெருங்குடலை முழுவதும் எடுத்துவிடலாம். லண்டனின் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையில் பார்க்ஸ், நிக்கல்ஸ் இருவரும் 1978-ல் விவரித்த முறையில், சிறுகுடலின் முனையை மடித்துப் பைபோல் தைத்து ஆசனவாயோடு இணைக்கிறார்கள். மலம் சேர வயிற்றில் நிரந்தரப் பை தேவைப்படாது. ஆனால் நாளுக்கு ஐந்தாறு முறை மலம் போகும். பாதிப் பேர் அளவுக்கு அந்தத் தைத்த பையிலேயே எப்போதாவது அழற்சி வரும்.

கிரோன் நோயில் அறுவை சிகிச்சை நோயைத் தீர்க்காது. பழுதான பகுதியை நீக்கும். முன்பு பத்து ஆண்டுக்குள் ஏறத்தாழ பாதிப் பேருக்குத் தேவைப்பட்டது. இப்போது நான்கில் ஒருவர் அளவுக்குக் குறைந்திருக்கிறது. சிறுகுடலின் கடைசியில் குறுகிய நீளத்துக்கு மட்டும் நோய் உள்ளவர்களிடம், இன்ஃப்ளிக்ஸிமாபையும் லேப்ராஸ்கோப்பி அறுவையையும் ஒப்பிட்ட நெதர்லாந்து ஆய்வு 2017-ல் வெளிவந்தது. வாழ்க்கைத் தரத்தில் அறுவை எந்த விதத்திலும் பின்தங்கவில்லை.

குடலின் முனையை வயிற்றில் திறந்துவிட்டு, மலம் சேர அங்கே ஸ்டோமா பை வைத்துக்கொண்டவர்கள் வேலைக்குப் போகலாம், நீந்தலாம், குடும்பம் நடத்தலாம், பிள்ளை பெறலாம். ஆண்டுக்கணக்கில் கழிப்பறையிலேயே கழித்தவர்களுக்குப் பை விடுதலையாகவும் அமைகிறது. அதைப் பராமரிக்கக் கற்றுத்தரும் செவிலியர்கள் பெரிய நகரங்களுக்கு வெளியே மிகக் குறைவு என்பதே உண்மையான குறை.

சாப்பாடு

நோயாளியிடம் உறவினர்கள் அதிகம் பேசுவது இதைப் பற்றித்தான். எல்லோருக்கும் பொருந்தும் ஒற்றை உணவுமுறை இல்லை. நோய் கிளம்பியிருக்கும்போது குழைந்த சாதம், இட்லி, கஞ்சி, வேகவைத்துத் தோல் நீக்கிய காய், முட்டை, மீன் போன்றவை தாங்கும். அடங்கியதும் மெல்ல மெல்லப் பழைய சாப்பாட்டுக்குத் திரும்ப வேண்டும். பயத்தில் பத்தியத்தை ஆண்டுக்கணக்கில் நீட்டுவதால் ஊட்டச்சத்துக் குறைவுதான் வரும். குடல் சுருக்கம் உள்ளவர்கள் மட்டும் முருங்கைக்காய்ச் சக்கை, கீரைத்தண்டு, பலாச்சுளை, ஆரஞ்சுச் சுளையின் தோல் போன்ற நார்ப் பொருள்களைத் தவிர்ப்பது நல்லது. பால் ஒத்துக்கொள்ளாத பலருக்குத் தயிரும் மோரும் ஒத்துக்கொள்ளும்.

குழந்தைகளின் கிரோன் நோயில் உணவே மருந்தாகிறது. ஆறு முதல் எட்டு வாரம் வேறெதுவும் இல்லாமல் சத்துத் திரவம் மட்டும் கொடுப்பது, ஸ்டீராய்டு அளவுக்கு நோயை அடக்குகிறது, வளர்ச்சியும் தடைபடுவதில்லை.

மஞ்சளில் உள்ள கர்க்குமினை மெசலமைனோடு சேர்த்துக் கொடுத்த சிறிய ஆய்வு ஒன்று 2015-ல் நல்ல பலனைக் காட்டியது. அங்கே கொடுத்தது நாளுக்கு மூன்று கிராம் கர்க்குமின். குழம்பில் சேரும் மஞ்சள் அந்த அளவுக்கு அருகில்கூட வராது. மெசலமைனை நிறுத்திவிட்டு அதைக் கொடுக்கவும் இல்லை. என்ன சேர்ந்திருக்கிறது என்று தெரியாத பொடிகளையும் லேகியங்களையும் நம்பி மருந்தை நிறுத்துவதுதான் நோய் மீண்டும் கிளம்புவதற்கு அடிக்கடி காணும் காரணம். மூட்டுவலிக்கும் தலைவலிக்கும் கடையில் தானாக வாங்கும் டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளும் நோயைக் கிளப்பலாம், பாராசிட்டமால் பாதுகாப்பானது.

வேலை, திருமணம், பிள்ளைப்பேறு

வெளியில் தெரியாத நோய் என்பதால் வேலையிடத்தில் நம்பிக்கை பெறுவது கடினம். கழிப்பறைக்கு அருகில் இருக்கை, ஊசி போடும் நாளுக்கு விடுப்பு, நோய் கிளம்பிய வாரத்தில் வீட்டிலிருந்து வேலை ஆகிய சிறு ஏற்பாடுகளே ஒருவரை வேலையில் தக்கவைக்கும். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம் 2005-ல் இயற்றிய சட்டப்படி, இத்தகைய நோயுள்ளவர் கேட்டால் கடைகள் தங்கள் ஊழியர் கழிப்பறையைத் திறந்துவிட வேண்டும். இந்திய நகரங்களில் சுத்தமான பொதுக் கழிப்பறை என்பது இந்த நோயாளிகளுக்கு மருந்துக்கு இணையான தேவை.

திருமணப் பேச்சில் நோயை மறைப்பது பெற்றோருக்கு எளிதாகத் தோன்றலாம். பின்னால் மருந்தையும் மறைத்து எடுக்க வேண்டி வந்து, பலர் நிறுத்திவிடுகிறார்கள். பெண்களுக்கு இது கூடுதல் கொடுமை. உண்மையில் நோய் அடங்கிய நிலையில் கருத்தரிக்கும் பெண்களுக்குப் பெரும்பாலும் நல்லபடியாகவே பிரசவம் ஆகிறது. கருவுக்கு ஆபத்து மருந்தைவிட, அடங்காத நோயால்தான் அதிகம். எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் இன்னொரு மருந்தான மெத்தோட்ரெக்ஸேட்டைக் கருத்தரிக்கும் முன்பே நிறுத்த வேண்டும். டோஃபாசிட்டினிப் போன்றவற்றைத் தவிர்க்க வேண்டும். மெசலமைன், அசதியோப்ரின், டிஎன்எஃப் தடுப்பு ஊசிகளைப் பெரும்பாலும் தொடரலாம். தாய் அந்த ஊசிகளை எடுத்திருந்தால், குழந்தைக்குப் பிறந்தவுடன் போடும் பிசிஜி தடுப்பூசியைத் தள்ளிப்போட வேண்டும். இதைப் பிரசவ மருத்துவமனையில் முன்கூட்டியே சொல்லிவைப்பது பெற்றோரின் பொறுப்பு. ஆண்களில் சல்ஃபாசலசின் விந்தணுக்களைக் குறைக்கும். மருந்தை மாற்றினால் அது சரியாகிவிடும்.

நல்ல கவனிப்பு எப்படி இருக்கும்

2021-ல் வெளியான சர்வதேசப் பரிந்துரைகள் சிகிச்சையின் இலக்குகளை வரிசைப்படுத்தின: முதலில் அறிகுறி தணிய வேண்டும், பிறகு ரத்தத்திலும் மலத்திலும் அழற்சியின் அளவு இறங்க வேண்டும், நீண்ட காலத்தில் குடல் புண் ஆற வேண்டும். அந்த வரிசையிலேயே, நோயாளி இயல்பாக வாழ முடிவதும் குழந்தை வயதுக்கேற்ப வளர்வதும் இலக்குகளாகச் சேர்க்கப்பட்டன. ஆறிய புண்ணைப் படம் பிடித்துக் காட்டுவதோடு மருத்துவம் முடியவில்லை என்பதை மருத்துவ உலகமே ஏற்றுக்கொண்ட இடம் அது.

நடைமுறையில் இதற்குச் சில ஒழுங்குகள் தேவை. நன்றாக இருக்கும்போதும் மருந்தை நிறுத்தாமல், சில மாதத்துக்கு ஒருமுறை ரத்தமும் கால்ப்ரொடெக்டினும் பார்ப்பது. எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் மருந்துக்கு முன் ஹெபடைட்டிஸ் பி சோதித்து, தேவையான தடுப்பூசிகளைப் போட்டுவிடுவது. உயிருள்ள தடுப்பூசிகளை அந்த மருந்து தொடங்கிய பின் தவிர்ப்பது. பெருங்குடலில் நோய் உள்ளவர்கள் எட்டு ஆண்டு கடந்ததும் புற்றுநோய்க்கான கண்காணிப்புக் கொலோனோஸ்கோபியைத் தொடங்குவது. பித்தக் குழாய் அழற்சியும் இருந்தால் உடனேயே தொடங்குவது. பரிசோதனைச் சீட்டுகள், எடுத்த மருந்துகள், அவற்றை நிறுத்திய காரணம் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்திருப்பது. ஊர் மாறினாலும் மருத்துவர் மாறினாலும் அந்தக் கோப்புதான் தவறான மருந்து மீண்டும் வராமல் காக்கும்.

இவை எல்லாவற்றோடும் மருத்துவர் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு: கழிப்பறைக்கு ஓட எவ்வளவு அவகாசம் இருக்கிறது, இரவில் எத்தனை முறை எழ வேண்டியிருக்கிறது, வேலைக்குப் போக முடிகிறதா, மனம் எப்படி இருக்கிறது, மருந்து வாங்கப் பணம் இருக்கிறதா. நோயாளி வெட்கமில்லாமல் பதில் சொல்ல வேண்டும். சொன்னதை மருத்துவர் சிகிச்சைச் சீட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். அவசரத்துக்கும் அசதிக்கும் மனச்சோர்வுக்கும் செலவுக்கும் தனித்தனியே செய்யக்கூடியவை இருக்கின்றன. நோயை அடியோடு தீர்க்கும் மருந்து வரும் வரைக்கும், இப்போது கையில் இருக்கும் மருந்தின் முழுப் பலனையும் நோயாளிக்குக் கொண்டு சேர்ப்பது இந்தக் கவனிப்புதான்.